ஜெராம் லயத்தில் ஓடும் பழைய ரவுட்டர்

மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு எல்லாரும் மின்மினி பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பழைய ரவுட்டரைப் பார்க்க. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ரவுட்டர் மாதிரிச் சின்னச் சாதனங்களில் ஓடும் ஒரு திறந்த மூல இயங்குதளத்துக்கு ஓய்வு நேரத்தில் நிரல் எழுதுகிறவன் நான். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து செய்கிறோம், சம்பளம் கிடையாது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சாதனத்துக்கும், புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்து 'ஓடுகிறது' என்று சொல்ல ஒருவருடைய பெயர் இருக்க வேண்டும். பெயரும் இல்லை, பழுது என்று ஒரு புகாரும் இல்லை என்றால், அதை யாரும் பயன்படுத்தவில்லை என்று முடிவுகட்டிப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவோம்; அதற்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வராது. இந்த ரவுட்டர் வகையையும் தூக்குவதாக அறிவித்திருந்தோம்.

போன மாதம் அந்த அறிவிப்பைப் பார்த்துக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கப் பார்த்தார்கள், ஏனென்றால் அது தமிழில் இருந்தது. "எடுத்துடாதீங்க. அதை நம்பித்தான் என் வீட்டுக்காரரைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போறேன். வசந்தி, ஜெராம்." அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

சனிக்கிழமை காலை நான் இருக்கும் சுங்கை சோவிலிருந்து காரில் கிளம்பினேன். கோலா சிலாங்கூரை ஒட்டிய மீனவ ஊரான பாசிர் பெனம்பாங் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வசந்தி அக்கா அங்கே ஒரு மீன் கடையில் இறால் சுத்தம் செய்கிறார். வேலை முடிந்ததும் அவர் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, நான் பின்னால் ஓட்டினேன். ஜெராம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். இந்த அக்கா ஓட்டுகிற வேகத்துக்கு என் கார் திணறியது. கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. பௌர்ணமி, அமாவாசையில் கடல் ஏறினால் பின்பக்கக் கால்வாய் பொங்கி வீட்டுக்குள் வந்துவிடுமாம். அவர் கணவர் ரவி அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். யாரோ வீசிய ரவுட்டரில் எங்கள் இயங்குதளத்தை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் போடும் மிதவை சுவிட்ச் ஒன்றைக் கால்வாயில் கட்டி, அதோடு இணைத்திருக்கிறார். மிதவை எழும்பினால் அக்காவின் கைப்பேசிக்கும் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போகும். லயத்துக்காகச் செய்தது அது. பிறகு அவருக்கே ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது தண்ணீர் வந்தால் அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

பழைய பதிப்பு அனுப்பும் செய்திகளை, அவற்றைக் கொண்டுசேர்க்கும் சேவை சீக்கிரத்தில் ஏற்காது. அதனால்தான் அந்த அறிவிப்பைப் பார்த்து இருவரும் பயந்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் ஏன் எங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று ரவி அண்ணனைக் கேட்டேன்.

"நல்லாத்தானே ஓடுது லா. எதுக்கு எழுதணும்?"

மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருநாளும் படுக்காத சாதனத்தைத்தான் செத்துப்போனது என்று நாங்கள் எழுதிவைத்திருக்கிறோம்.

கையோடு கொண்டுபோன புதிய பதிப்பை ஏற்றினேன். ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. திரும்ப எழும்பாவிட்டால் இந்த வீட்டுக்கு என்ன கதி? அக்கா கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு வந்தது. நான் பின்னால் ஓடிப்போய் மிதவையைக் கையால் தூக்கினேன். உள்ளே அக்காவின் கைப்பேசி அலறியது, பக்கத்து வீட்டுக்காரரும் ஓடிவந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை.

மிச்சம் இருந்தது பெயர். சாதனம் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர்தான் போட முடியும். ரவி அண்ணனைக் கேட்டேன். தயங்கினார், இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். பதிப்பு வரும்போது ஏற்ற வேண்டும், பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், ஓடினால் ஓடுகிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"பக்கத்துலயே இருக்கணுமா?" என்று சிரித்தார். "அது ஒண்ணுதான் தம்பி என்னால முடியும்."

இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டினார். அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார், படம் எடுக்கப்போகிற மாதிரி.

போக நினைப்பவர்களுக்கு: பாசிர் பெனம்பாங்கில் இறால் வாங்க மதியத்துக்குள் போய்விடுங்கள், பனிக்கட்டிப் பெட்டி கையோடு இருக்கட்டும். கடல் ஏறும் நாட்களில் ஜெராம் பக்கத் தோட்டப் பாதைகளில் கார் விடாதீர்கள். உங்கள் வீட்டு மூலையில் ஒரு பழைய சாதனம் திறந்த மூல இயங்குதளத்தில் சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தால், அதைச் செய்தவர்களுக்கு எந்த மொழியிலாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நேற்று அடுத்த பதிப்பைச் சோதனைக்கு விட்டோம். உலகத்திலேயே முதல் பதில் ஜெராமிலிருந்து வந்தது: "ஓடுது லா. பக்கத்துலதான் இருக்கேன்."