பச்சைப் பையில் தண்ணீர் இல்லை

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக வெளியே வருவது தென்னந்தோப்புக்குள் யானை இறங்கினால்தான். மற்ற நாளில் ஆளுக்கொரு வேலை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஊர் சுற்றும் பழக்கம் கிடையாது. அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், எல்லாரும் தீம் பார்க் போறோம்" என்றார் அப்பா. காய்ச்சல் என்றால்கூட மாத்திரையைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற மனிதர். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டு வயது. ராட்டினத்தைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

காலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். ராட்டினம் சுற்ற ஜோசியரிடம் நேரம் குறித்துப் போன குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. உங்களை இழுத்தடிக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, நான்கு மாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். புருஷன் அடிக்கிறார், இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். அப்பா நம்பவில்லை. நம்பினால் ஏதாவது செய்யவேண்டியிருக்கும், அதனால் நம்பவில்லை. "மாப்ளை நாயைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாரு. அவரு கை நீட்டுவாராக்கும்" என்பார். அத்தைக்கு இடது காது சரியாகக் கேட்காது. காதில் சீழ் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரில் கேட்டவர்களுக்கும் அப்பா அதையேதான் சொன்னார்.

புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அதனால் அப்பா ஒரு யோசனை செய்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அத்தை மறுத்துப் பேசமாட்டாள். மத்தியானம் அவர் அங்கே வரவேண்டும், அங்கிருந்தே காரில் ஏற்றி அனுப்பிவிடவேண்டும். எங்கள் உல்லாசப் பயணத்தின் லட்சணம் இதுதான். அத்தைக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது.

பார்க் மதுக்கரையைத் தாண்டி இருந்தது. வாசலில் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டிவிட்டார்கள். அது இருந்தால் எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அத்தைக்கும் கட்டினார்கள், ஆனால் காலையில் அவள் எதிலும் ஏறவில்லை. எந்தக் குடும்பம் வெளியே போனாலும் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒருத்தி வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை. வேப்பமரத்தடி பெஞ்சில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று கட்டைப்பைகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணி தாண்டியிருக்கும். அப்பா வாசல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் மரத்தடிக்கு வந்தோம்.

"ஏனம்மணி, வெயில்ல தாகமா இருக்குமே. பச்சைப் பையில தண்ணி இருக்குது, எடுத்துக் குடி" என்றாள் அம்மா.

"பச்சைப் பையில இல்லீங்கம்மா, நீலப் பையிலதான் வெச்சீங்க" என்றேன். காலையில் பாட்டிலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சும்மா செல்லக் கிள்ளு இல்லை, நகம் பதிகிற கிள்ளு. அழக்கூட விடாமல் கையைப் பிடித்துக் குட்டி ரயில் பக்கம் இழுத்துப் போனாள். சரியாகச் சொன்னதற்கு இப்படியா என்று எனக்கு ஆத்திரம். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தை பச்சைப் பைக்குள் கையை விட்டாள். விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு பையின் வாயை மூடிவிட்டு எழுந்தாள். மூன்று பைகளையும் அப்படியே போட்டுவிட்டு நடந்தாள்.

"அம்மா, அத்தை பைய உட்டுப்போட்டுப் போறாங்க."

"போகட்டும்" என்றாள் அம்மா. என்னை ரயிலில் ஏற்றிவிட்டுப் போய், பைகளுக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் மாமா வந்தார். அவரை மாமா என்று எழுத இப்போது கை கூசுகிறது. அன்று அப்படி இல்லை. வரும்போதெல்லாம் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிவருவார், அன்றும் கொண்டுவந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஓடிப் போயி அத்தைய எங்கிருந்தாலும் கூட்டிட்டு வா. மாமா வந்திருக்காருன்னு சொல்லு."

அத்தை பெரிய ராட்டினத்தில் இருந்தாள். நான் போனபோது அவள் பெட்டி கீழே வந்து நின்றது.

"வாரியா கண்ணு?" என்றாள்.

ஏறிவிட்டேன். விஷயத்தைச் சொன்னால் இறங்கவேண்டும், ராட்டினம் போச்சு. அதனால் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். "அப்பா இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டு மெதுவா வரச் சொன்னாருங்க அத்தை."

அத்தை சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்படியா சொன்னாரு உங்கொப்பன்? செரி, சுத்துவோம்." என்னை வலது பக்கம் உட்காரவைத்துக்கொண்டாள்.

மேலே போனால் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. மலை தெரிந்தது. கார் நிறுத்துமிடமும் தெரிந்தது, நான் கவனிக்கவில்லை. புதன்கிழமை என்பதால் கூட்டமே இல்லை, யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஐந்தாவது சுற்று முடிந்து நின்றபோது, ராட்டினம் ஓட்டுகிற நரைமீசைக்காரர் கம்பியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்கம்மணி, எறங்குற யோசனையே இல்லீங்களா?"

"எத்தன தடவ வேணாலும் ஏறலாம்னு நீங்கதானுங்க போர்டு எழுதி வெச்சிருக்கறீங்க" என்று அத்தை கைப்பட்டையைக் காட்டினாள்.

"எழுதுனவன் உங்களைப் பாக்காம எழுதிப்போட்டானுங்க" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே கம்பியை மறுபடியும் மாட்டினார்.

அதற்குள் அப்பாவும் மாமாவும் கீழே வந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் பெரிதானார்கள், மேலே போனதும் சிறிதானார்கள். அப்பா கையைக் காட்டி இறங்கச் சொன்னார். அத்தை புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லீங்க மச்சான், ஆசை தீரச் சுத்தட்டுமுங்க" என்று மாமா சொன்னது காதில் விழுந்தது. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது சுற்றில் வாந்தி எடுத்தேன். அதற்கு மேல் சுற்ற முடியவில்லை. என்னால்தான் அத்தை இறங்கினாள். முந்தானையால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தார்.

"காரு அங்க நிக்குது, போலாமா?" என்று கேட்டு, காரைக் காட்டக் கையைத் தூக்கினார்.

காரைக் காட்டத்தான் தூக்கினார். வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அத்தையின் கை சட்டென்று போய் இடது காதைப் பொத்திக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கி, பாதி உட்கார்ந்துவிட்டாள். நெருப்பு பட்டால் கை தானாக விலகுமே, அந்த மாதிரி. அடுத்த நொடி அவளுக்கே தெரிந்து, தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி கையை இறக்கினாள்.

"தலை சுத்துதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு மாதம் அத்தை அழுது சொல்லியும் காதில் ஏறாதது அந்த ஒரு நொடியில் ஏறியது.

"மாப்ளே, நீங்க கெளம்புங்க" என்றார்.

"இல்லீங்க மச்சான், இவளையும் கூட்டிட்டு…"

"கெளம்புங்கன்னு சொன்னேனுங்க."

எங்கள் பக்கத்தில் ஆளை விரட்டுவதும் மரியாதையாகத்தான். அவர் போனார். தேன்மிட்டாயை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்பா அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் திரும்பும்போது பச்சைப் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் அத்தையை ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். இன்று அத்தைக்குக் கீழே முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். ஸ்கூட்டி ஓட்டுகிறாள். போன வருஷம் என் மகளைக் கூட்டிக்கொண்டு அதே பார்க்குக்குப் போய் ராட்டினம் ஏறிவிட்டு வந்தாள். பையைப் பார்த்துக்கொள்ள யாரும் உட்காரவில்லையாம், லாக்கரில் வைத்துப் பூட்டினார்களாம்.

பச்சைப் பையில் என்ன இருந்தது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அத்தையின் ஐந்து சேலை, சீப்பு, பல் தேய்க்கிற பிரஷ். அத்தை குளிக்கப் போன நேரத்தில், அப்பா சொன்னபடி எடுத்து அடுக்கி வைத்தது அம்மா. அப்பா சொன்ன எதையும் அம்மா ஒரு நாளும் மறுத்தது கிடையாது. அதைப் பற்றி இப்போது கேட்டால், "பச்சைப் பைன்னா சொன்னேன்? வாய் தவறியிருக்கும் கண்ணு" என்கிறாள்.

அன்று ஊர் திரும்பும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை. தொடையில் நகம் பட்ட இடம் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் நீலப் பையில்தான் இருந்தது, நான் சொன்னதுதான் சரி, அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.