முன்னால் ஒரு சக்கரம்

ரெசின் பசையின் வாடை மூக்கில் ஏறினால் இறங்காது. எங்கள் மூன்று சக்கரக் காரின் வலப்பக்க விரிசலை இந்த வாரம் ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவள் பிசைந்து தந்த சோற்றில் அந்த வாடை இருக்கும்.

செய்யூர்ப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்ட அம்மா, சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு தகரக் கொட்டகையில் கார் கட்டப் போனாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஸ்கூட்டர் எஞ்சின், இரண்டு இருக்கை. கார் வடிவ வார்ப்பச்சில் ஃபைபர் கண்ணாடி இழைப்பாயை விரித்து, ரெசின் பூசி அதன் உடலை வார்த்தவர்கள் அம்மாவும் வேறு நான்கு பெண்களும்தான். விற்பனை இல்லாமல் கொட்டகையை மூடியபோது, கதவு பொருந்தாத ஒரு காரை முதலாளி அவளுக்கே கொடுத்துவிட்டார்.

ஒரு காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த செய்யூர்த் தெருவில் அம்மா அதை ஓட்டினாள். "இன்னாமே இது, முட்டைக்குச் சக்கரம் வெச்சா மாரி கீது?" என்றார் டீக்கடையில் ஒருவர். அம்மா வண்டியை நிறுத்தினாள். "முட்டதான் அண்ணாத்த. நானே போட்டது. நீ இன்னா போட்ட?"

எங்கே போனாலும் அப்போது ஒன்பது வயதான என்னை இடது இருக்கையில் ஏற்றிக்கொள்வாள். "நீ வராம வண்டி நிக்காதுடி" என்பாள். அதைப் பாசம் என்றே நாற்பது வருடம் நினைத்திருந்தேன். அம்மா போனபின் மூடிக் கிடந்த காரை என் மகள் கயல் சரிசெய்து, போன மாதம் மாமல்லபுரத்தில் நடந்த பழைய கார் கண்காட்சிக்குத் தனியாக ஓட்டிப் போனாள். பூஞ்சேரி அருகே இடப்பக்கம் திரும்பியபோது கவிழ்ந்தது. தோள் எலும்பு முறிந்தது. இன்றும் போன் அடித்தால் முதலில் கயல் எங்கே என்று பார்க்கிறேன்.

அம்மாவோடு வேலை செய்த சரோஜாம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். "பக்கத்துல வெயிட்டு இல்லாம லெப்டுல ஒடிச்சா கவுந்துக்கும்டி. நாங்க மணல் மூட்ட வெச்சித்தான் ஓட்டிப் பாப்போம். உங்கம்மா சொல்லல?"

மூட்டைக்குப் பதிலாகவா என்னை வைத்தாள் என்று ஒரு கணம் கோபம் வந்தது. ஆனால் மணல் மூட்டைக்கு யாரும் வழியில் நிறுத்தி வேர்க்கடலை வாங்கித் தருவதில்லை.

மாமல்லபுரம் கண்காட்சியை நடத்தியவர் காரை வாங்கித் தன் காட்சிக்கூடத்தில் நிரந்தரமாக நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். "குடுத்துத் தொலையேன், புள்ள போயிருந்தா இன்னா பண்ணுவ?" என்றார் என் கணவர். எனக்கும் அதே பயம்தான். ஆனால் காரின் முன்னால் வைக்க அந்த மனிதர் அச்சடித்திருந்த அட்டையில் 'கட்டப்பட்ட இடம்: தெரியவில்லை' என்றிருந்தது. தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். ஐந்து பெண்களில் சரோஜாம்மா மட்டும் மிச்சம். கயலின் கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மறுபடி மாமல்லபுரம் போவேன் என்கிறாள். சாவியைப் பயந்துகொண்டேதான் கொடுப்பேன். கொடுக்காமல் இருக்க மாட்டேன்.