சூளகிரியில் நான் வெளியூர் பிளேயர்

பெங்களூரு கால்பந்து கிளப்பிலிருந்து லீவில் வந்தவனைச் சும்மா விடுவார்களா? இன்று காலை எங்கள் தெரு அணிக்காகப் பள்ளி மைதானத்தில் இறங்கினேன்.

எதிரணியில் எல்லோரும் ஒரே கம்பெனிப் பையன்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்கள் கேப்டன் கையைத் தூக்கினான்.

“டீமுக்கு ஒரு வெளியூர் பிளேயர்தானே ரூலு? இவங்ககிட்ட ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. இவரு நேபாளம்லா!”

என் அப்பா நேபாளம், அம்மா சூளகிரி. முகம் முழுக்க அப்பாவுடையது.

போட்டியை நடத்தும் உரக்கடை முனிராஜ் மாமா சிரிக்கவே இல்லை. “செரிப்பா, ரெண்டு டீமும் ரேஷன் கார்டு காட்டுங்க.”

அம்மா மொபெட்டில் வந்து கார்டை அவர் கையில் திணித்தார். “இவன் பொறந்ததுக்கு ஜிலேபி தின்னவன்தானே நீ? இப்ப கார்டு கேக்கறியா?”

அடுத்து எதிரணி. கேப்டன் திருநெல்வேலி, மற்றவர்கள் மதுரை, தேனி, விருதுநகர். கோல்கீப்பரிடம் மட்டும்தான் உள்ளூர் கார்டு. ரூல்படி அவர்கள் இரண்டே பேரைத்தான் இறக்க முடியும்.

“ரூலை அடிச்சிடுங்க மாமா. ரெண்டு பேரை ஜெயிச்சா எனக்கென்ன பேரு?” என்றேன்.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ஆடினோம். ஒரு பந்துகூட என்னைத் தாண்டவில்லை.

முடிந்ததும் கேப்டன் பக்கத்தில் வந்தான். “அண்ணே, அடுத்த வாரம் எங்க டீமுக்கு வாரியளா? நாங்க எல்லாருமே வெளியூருதான்.”

இந்தியா, நேபாளம் இரண்டுமே தேசிய அணி முகாமுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கின்றன. யாருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. இவனுக்கு அங்கேயே சரி சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருக்காரர்கள் திட்டுவதற்கு இந்தப் பதிவின் கீழே கமெண்டில் நிறைய இடம் இருக்கிறது.