ரசம் போன கண்ணாடி

இது என் கண்ணெதிரில் நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான்.

என் தங்கையின் கணவர் பழம்பொருள் சேகரிப்பவர். சேகரித்ததைவிடப் பேசியது அதிகம். ஒரு கரண்டியைக் காட்டினால் ஒரு மணி நேரம் விடமாட்டார். மறுநாள் சேகரிப்பாளர் சங்கத் தலைவராகப் பதவியேற்றுப் பேசவேண்டும். மேடையில் காட்டவென்றே வாங்கியிருந்தார், சின்னக் கருவிகள் வைக்கும் ஒரு வெள்ளிக் கூட்டை. உள்ளங்கை நீளம், மூடி முழுக்கக் கொடி வேலைப்பாடு, இடுப்பில் மாட்டச் சங்கிலி. யாரோ ஒரு பெண்மணி வேலைக்குக் கொண்டுபோனதாம். உள்ளே கத்தரி, அரம், பஞ்சு வைக்கும் இடுக்கி, நூல் கோத்த வளைந்த ஊசி, ரசம் போன குட்டிக் கண்ணாடி.

"கண்ணாடிக்குத் தகரச் சட்டம், மச்சான். செட்டுல சேராது," என்று குப்பையில் வீசினார். அந்த இடத்தில் வெள்ளிப் பல்குச்சி ஒன்றைச் செருகினார். "இப்பதான் முழுமை!"

சாப்பிட்டதும் சோபாவில் மல்லாந்தார். அசையாத தூக்கம். அந்த வாய் ஓய்வெடுப்பது அப்போது மட்டும்தான். நானும் தங்கையும் அடுத்த அறையில் இருந்தோம்.

மூன்று மணிக்கு... 'டிக்'.

எட்டிப் பார்த்தேன். கூடு மேசைமேல் மூடியபடி இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் நகங்கள்... ஒட்ட வெட்டப்பட்டு, அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன.

"நீயா வெட்டினே?"

"எனக்கு வேற வேலையில்லையா அண்ணா? நாளைக்குத் தலைவராச்சே, அவரே வெட்டியிருப்பார்."

சிரித்தோம்.

'டிக்'.

இரண்டு காதிலும் பஞ்சு.

"என்னங்க... எந்திரிங்க!" தங்கை உலுக்கினாள். அவர் அசையவில்லை. தண்ணீர் எடுக்க ஓடினோம்.

'டிக்'.

"ம்ம்ம்... ம்ம்..."

கண்கள் விழித்திருந்தன. உதடுகள் பிரியவில்லை. பொடிப்பொடியாய், வரிசை பிசகாத தையல். அவரே ஒரு மணி நேரம் பாராட்டியிருக்கக்கூடிய வேலைப்பாடு.

மருத்துவமனையில் பிரித்தார்கள். உள்ளே நாக்கையும் சேர்த்துத் தைத்திருந்தது. இனிப் பேச்சு வராது என்றார் டாக்டர்.

கூட்டை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தேன். திறந்தவர் முகம் வெளிறியது.

"கண்ணாடி எங்க சார்?"

"ஏன்?"

"இது எங்க பெரியம்மாவோடது. செத்தவங்களைச் சீர் பண்ற வேலை. நகம், காது, கடைசியா வாயைத் தைப்பாங்க. ஆனா எதையும் தொடுறதுக்கு முன்னாடி, அந்தக் கண்ணாடிய மூக்குகிட்ட பிடிச்சுப் பார்ப்பாங்க..."

"எதுக்கு?"

"மூச்சு இருக்கான்னு."