க்வான் அக்காவின் கைகள்

க்வான் அக்காவைப் பேருந்தில் பார்க்க வேண்டும். எவ்வளவு நெரிசல் என்றாலும் இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முதுகைக் கம்பத்தில் சாய்த்து நிற்பாள். ஓட்டுநர் பிரேக் போட்டால் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார்கள். இவள் விழுவாள். ஒருமுறை முழங்கால் சிராய்த்து ரத்தமே வந்துவிட்டது.

"கையை வெளிய எடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவே?" என்று கத்தினேன்.

"ஏன்னு உனக்குத் தெரியாதா, ஹா?" என்றாள். ஹா என்பது என் பெயர்.

எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அதைப் பன்னிரண்டு வருஷம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவளோடு ஒரே பேருந்தில் வேலைக்குப் போய் வந்தேன்.

நாங்கள் இருவரும் மக்காவ்காரிகள். தாய்-சான் பகுதியில் ஒரே கட்டிடத்தில், அவள் நான்காம் மாடி, நான் ஆறு. வேலையும் ஒரே ஓட்டலில்தான். லாபியில் மணிக்கொரு தரம் இயந்திரத் தங்கத் தாமரை விரிகிற, வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு படம் பிடிக்கிற அந்த ஓட்டல். அவள் பதினேழாம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்வாள். நான் கீழே சூதாட்டக் கூடத்தில் பாக்கரா மேசையில் சீட்டுப் போடுகிறவள். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

முன்பெல்லாம் க்வான் அக்கா இப்படி இல்லை. அவள் பேச்சே கையால்தான். ஒரு நகைச்சுவை சொன்னால் அது முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் தோளில் நாலு அடி விழும். ஊழியர் உணவறையில் அவள் அருகே உட்கார ஆட்கள் பயப்படுவார்கள், கஞ்சி சிந்திவிடும் என்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை என்று வளர்த்தது தம்பியைத்தான். அம்மா செத்தபோது சோங்குக்கு ஒன்பது வயது. இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் சந்தையில் நின்று அவனை ஆளாக்கினாள். அவன் ஹாங்காங்குக்குப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்து, அங்கேயே குடும்பமாகிவிட்டான்.

வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், சோங் இரண்டு நாள் விடுமுறைக்கு இங்கே வருவான். மனைவியையும் மகனையும் சில வருஷம் கூட்டி வருவான், சில வருஷம் தனியாக. ஊழியர் சலுகையில் அக்கா அவனுக்குப் பதினேழாம் மாடியிலேயே அறை எடுத்துத் தருவாள். அவன் அறையை அவளேதான் சுத்தம் செய்வாள். "ராஜா வந்திருக்காரு, படுக்கை விரிக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அந்த இரண்டு நாளும் அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கே பொறாமையாக இருக்கும்.

இனி அந்த விஷயம். மனிதருக்கு மூன்று விளக்கு. உச்சந்தலையில் ஒன்று, இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. அவை எரிகிறவரைக்கும் கெட்டது எதுவும் அண்டாது. பின்னாலிருந்து தோளைத் தட்டினால் விளக்கு அணையும். இது இங்கே பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் சீட்டாடுகிறவன் தோளில் எவனும் கை வைக்க மாட்டான். வைத்தால் அடிதடியில் முடியும். இருபது வருஷத்தில் நானே மூன்று சண்டை பார்த்திருக்கிறேன்.

அன்று சோங் என் மேசையில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் இருக்கை. எங்கள் மேசையில் நாலு என்கிற எண்ணே கிடையாது, அது சாவின் எண் என்று மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று எழுதியிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் அது நான்காவது இருக்கைதான். அவனுக்கு அதிர்ஷ்டம் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பத்துப் பேர் நின்று அவன் பக்கம் பந்தயம் கட்டினார்கள். கவிழ்த்த சீட்டை ஓரத்திலிருந்து அவன் மெல்ல மெல்ல உரிக்க, வேண்டாத புள்ளி பறந்துவிடும் என்பதுபோல "ஊது, ஊது" என்று எல்லாருமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போது க்வான் அக்கா வேலை முடிந்து, உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து, அவள் வழக்கப்படியே, தம்பியின் இடது தோளில் கையைப் போட்டாள்.

"டேய் சோங், எவ்வளவு நேரம்டா? கஞ்சி ஆறிப்போகுது, வா சாப்பிட."

"கையை எடும்மா!" என்று ஒருவன் அலறினான். "முடிஞ்சுது, போ" என்று ஒரு கிழவர் தன் சில்லுகளை வாரிக்கொண்டு எழுந்தார். சோங் திரும்பி அக்காவைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். அந்த ஆட்டத்தில் தோற்றான், அடுத்ததிலும் தோற்றான். மூன்றாவது ஆட்டத்தில் சீட்டை உரிக்கிறபோது நெற்றி மேசையில் இடிக்க அப்படியே கவிழ்ந்தான். முப்பத்தெட்டு வயது. இதயம் என்றார்கள் மருத்துவர்கள். க்வான் அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கவிழ்ந்தவன் தோளைத் தொட்டு எழுப்பக்கூட அவள் கை போகவில்லை. கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கு மட்டும் தெரிந்தது அதற்கு முந்தைய கால் மணி நேரம்.

அக்கா வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சோங்கின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஏ.சி. குளிரில் அவன் சட்டைக் காலர் நனைந்திருந்தது. இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். என்னைப் பார்த்து, "ஹா அக்கா, ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?" என்றான். தேநீர் வண்டிக்காரியைக் கண்ணால் தேடினேன், காணவில்லை, விட்டுவிட்டேன். மேற்பார்வையாளரைக் கையசைத்துக் கூப்பிட்டிருக்கலாம். முந்தின நாள்தான் ஓடுகிற மேசையை நிறுத்தியதற்கு அவனிடம் செமத்தியாக வாங்கிக் கட்டியிருந்தேன். இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் எனக்கு இடைவேளை. அடுத்துச் சீட்டுப் போட வருகிறவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக இதைத்தான் நினைத்தேன். அடுத்த சீட்டைப் போட்டேன்.

முதலில் வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை. பிறகு, பழியை அவளாகவே தலையில் போட்டுக்கொண்டாள், எனக்கு வசதியாகப் போயிற்று. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அந்த நாளிலிருந்து க்வான் அக்காவின் கை எந்த மனிதரையும் தொடவில்லை. என் மகள் கல்யாணத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதபோது, இவள் சுவரோரமாக நின்று தலையை மட்டும் ஆட்டினாள். வேலையில் மட்டும் குறையே கிடையாது. காலி அறையானாலும் கதவை மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் நுழைவாள். இங்கே அறை வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான், உள்ளே ஆவி ஏதாவது இருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. ஆனால் சோங் தங்கிய அறைக்கு வந்தால் தட்டிவிட்டு ரொம்ப நேரம் நிற்பாளாம். "சோங், அக்கா வரேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைப் போடுவாளாம். கூட வேலை செய்கிற பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மேசையிலும் ஐந்தாம் இருக்கையில் யாராவது கையைத் தேய்த்தால், சீட்டு என் விரலில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.

போன இலையுதிர் காலத்தில் சோங்கின் மகன் வந்தான். சி-ஹாங். இருபத்துநாலு வயது, கண்ணாடிக் கடையில் வேலை. அப்பா போனபிறகு அவன் அம்மா இந்த ஊர்ப் பக்கமே தலைவைக்க விட்டதில்லை. இப்போது இரண்டு நாள் விடுமுறை போட்டுவிட்டு, அம்மாவிடம் வேறு ஏதோ ஊர் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

க்வான் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் வெளிறியிருந்தது.

"அச்சு அசல் அவனேதான், ஹா. நடக்கறதுகூட. உன் மேசைக்கு வந்தா துரத்தி விட்டுடு."

"துரத்த நான் யாரு? நீ வேணா சொல்லேன்."

"நான் கிட்டப் போகக் கூடாது."

போகாமல் இருக்க முடியவில்லை, அத்தையாயிற்றே. அவனுக்குப் பிடிக்கும் என்று பாதாம் பிஸ்கட் பெட்டி ஏழு வாங்கி வைத்திருந்தாள். அதை அவன் கையில் கொடுக்காமல் படுக்கைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். லாபியில் அவன் அணைத்துக்கொள்ளக் கையை விரித்தபோது இரண்டடி பின்னால் போனாள். தங்கத் தாமரை விரிந்துகொண்டிருந்தது. அவன் விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலை மூவருமாகக் கஞ்சிக் கடைக்குப் போனோம். அவனுக்கு மத்தியானப் பேருந்து, பாலத்தின் வழியாக ஊர் திரும்ப வேண்டும். பாதிக் கஞ்சியில் அவன் கைபேசியை எடுத்து ஒரு பழைய படத்தைக் காட்டினான். லாபித் தாமரைக்கு முன்னால் சோங், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற க்வான் அக்கா.

"அப்பா இறந்ததுக்கு முந்தின வருஷம் எடுத்தது. இதே மாதிரி நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு எடுத்துக்கலாம் அத்தை. இதுக்காகத்தான் வந்தேன்."

"வேண்டாம்பா."

"ஒரே ஒரு படம்தானே."

"வேண்டாம்னா விடு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்குப் புரியுது அத்தை. அப்பாவை நாங்கதான் ஓயாம வேலை வாங்கிக் கொன்னோம்னு நினைக்கறீங்க. எங்க மேல கோபம். பன்னிரண்டு வருஷமா ஒரு போன்கூட கிடையாது. நேத்து கிட்ட வந்தா, சீக்குப் பிடிச்ச நாய் மாதிரி ஒதுங்கறீங்க. சரி, நான் பையை எடுத்துக்கறேன்."

எழுந்து போய்விட்டான். க்வான் அக்கா பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கக்கூட இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கஞ்சியில் சொட்டியது, துடைக்கவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, உன் கையால இல்லை" என்றேன். "நீ வர்றதுக்கு முன்னாடியே அவனுக்கு வந்துடுச்சு. நான் பார்த்தேன்."

அவள் நிமிர்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் முகம், நனைந்த காலர், தேய்த்த கை.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"கால் மணி நேரம்."

"பேசினானா?"

"தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"இல்லை."

"யாரையாவது கூப்பிட்டியா?"

"இல்லை, அக்கா. எனக்கு இடைவேளை வரப்போகுதுன்னு இருந்துட்டேன்."

திட்டுவாள், கிண்ணத்தை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூதாட்ட மேசையைவிட்டு எழும்போது நாங்கள் இரண்டு கைகளையும் விரித்து, புரட்டி, மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும், எதையும் எடுத்துப் போகவில்லை என்று. இருபது வருஷப் பழக்கம். அப்போதும் என் கைகள் தானாகவே விரிந்து அவள் முன்னால் நின்றன. அவள் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து ஓட்டலை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சி-ஹாங் பையோடு லாபியில் நின்றிருந்தான். க்வான் அக்கா நேரே அவனிடம் போனாள். இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். வலது கை முன்னால் போனது. ஒருமுறை பின்வாங்கியது. பிறகு அவன் தோளில் விழுந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊளையிட்டு அழுதாள். படத்தை நான்தான் எடுத்தேன். தாமரை பாதி விரிந்திருந்தது.

மத்தியானம் அவன் பேருந்து புறப்பட்டது. பையன் கையசைத்தான், நானும் கையசைத்துக்கொண்டு நின்றேன். க்வான் அக்கா எனக்குப் பின்னால் இருந்தாள். அவள் கை என் இடது தோளில் வந்து அமர்ந்தது. எடுக்கவே இல்லை. பிறகு மற்றக் கையும், வலது தோளில். மெத்தென்று, சூடாக, நல்ல கனமாக இருந்தன. அவள் மூச்சு என் பிடரியில் பட்டது.

"ஹா" என்றாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. நான் திரும்பவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், மன்னித்தாளா, இல்லை விளக்கு அணையட்டும் என்று தெரிந்தேதான் கை வைத்தாளா என்று. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது பேருந்தில் அவள் பழையபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரித்தால் பக்கத்தில் இருப்பவளை அடிக்கிறாள். சி-ஹாங் வாரத்துக்கு இரண்டு தரம் போன் செய்கிறான். என்னோடும் முன்போலவே பேசுகிறாள். அந்த விஷயத்தை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேற்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், பின் இருக்கையில் அவள். "ஹா, இறங்குற இடம் வந்தாச்சு" என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் கழுத்துத் திரும்ப மாட்டேன் என்றது. இரண்டு கைகளாலும் என் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டு, அவள் இறங்கிப் போகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.