நமுத்துப்போன தீப்பெட்டி

இன்னிக்குக் கடையில வாங்கின தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. உடனே ஜவ்வாது மலையில இருக்கிற ஜமுனாமரத்தூர் ஞாபகம் வந்துடுச்சு.

எண்பதுகள்ல எங்க வீட்டுக்காரருக்கு அங்க மாற்றல். காஞ்சு கெடக்கிற கண்ணமங்கலத்துல இருந்து கைக்குழந்தையோட மலையேறினோம். ஒரே மழை. துணி காயலை, தீக்குச்சி பத்தலை. அவர் வேலைக்குப் போய்ட்டா பேச ஆளில்லை.

தினமும் பக்கத்து வூட்டு அக்காகிட்ட நெருப்பு வாங்கப் போவேன். உட்கார வெச்சு, குழந்தையைக் கொஞ்சிட்டுத்தான் அனுப்புவாங்க.

ஒருநாள் அவங்க, "இன்னாம்மா தினம் அலையற? கேவுருப் பானையில தீப்பெட்டியப் பொதைச்சு வை, நமுக்காது"ன்னாங்க.

கேழ்வரகுக்குள்ள பொதைச்சு வெச்சேன். முதல் உரசல்லயே பத்திக்கிச்சு.

மறுநாள் தீப்பெட்டியை எடுத்து, சாரல் அடிக்கிற ஜன்னல்ல வெச்சுட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு அக்கா வூட்டுக்குக் கிளம்பினேன்.

அக்கா எப்பவும் போல உட்கார வெச்சு, குழந்தையை வாங்கிக்கிட்டாங்க. நெருப்புக்குத்தான் வந்தேன்னு நம்பியிருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.