லிஸ்ட்டா, இன்வென்ட்டரியா?

போன வாரம் தச்சநல்லூரில் ஒரு கல்யாணம். நின்றுபோய்விடுமோ என்று நான் பயந்த கல்யாணம்!

பெண்ணின் அப்பா ஆறுமுகம் என் நண்பர். மனைவியை இழந்தவர். ஒரே மகள் மீனா, பாளையங்கோட்டையில் டீச்சர். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் சீர் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், பேர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்கள்... எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து நீட்டினார் ஆறுமுகம்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைத் தொடவே இல்லை. ஏதோ ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவராம்.

"லிஸ்ட் எதுக்குவே? லிஸ்ட்னா சும்மா பேர வரிசையா எழுதுதது. மளிகைக்கு லிஸ்ட் போடுதோம், அம்புட்டும் வந்தா சேருது? எனக்கு இன்வென்ட்டரி வேணும். சாமான எடுத்து, எண்ணி, புதுசா பழசான்னு பாத்து எழுதணும்."

விளக்கம் என்னவோ சரிதான். ஆனால் அதைச் சொல்ல இதுவா இடம்? எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறுமுகம் என் கையைப் பிடித்து அழுத்தினார் — பேசாதே என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவர், பாவம்.

ஊரே பார்க்க, ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கித் திருப்பிப் பார்த்தார் அந்த மனிதர். ஒரு பித்தளைப் பானையில் வெட்டியிருந்த பேரை உரக்கப் படித்தார்.

"கோமதி... பொண்ணு பேரு மீனாதான? அப்ப இது பழசுல்லா! பழசத் தேச்சு வச்சு ஏமாத்தப் பாத்தீரோ?"

ஆறுமுகத்தின் தலை கவிழ்ந்தது. மாப்பிள்ளையோ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்! "முறிஞ்சுரும் போலுக்கே" என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போதுதான் அறையிலிருந்து மீனா வந்தாள். பாதி அலங்காரத்தில், பின்னி முடிக்காத ஜடையோடு.

"அது எங்க அம்மை பேரு, மாமா. பழசுன்னே எழுதுங்க. ரெண்டு காப்பி எடுங்க. நீங்களும் அவுகளும் கையெழுத்துப் போட்டு ஒண்ண என்கிட்ட தாங்க." மாப்பிள்ளையைக் காட்டினாள்.

"கையெழுத்தா? எதுக்கும்மா?" என்றார் தாய்மாமன்.

"இன்வென்ட்டரின்னா சாமானுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டவங்க கையெழுத்து வேணும்லா? நாளைக்கு நான் எங்க அப்பா வீட்டுக்குத் திரும்பி வரும்படி ஆச்சுன்னா, எங்க அம்மை பானை உட்பட ஒண்ணு குறையாம நீங்கதான ஒப்படைக்கணும்?"

தாய்மாமன் பானையைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தாம்பாளத்தில் கிடந்த தாளைத் தேடி எடுத்தார்.

"சரி, சரி... நமக்குள்ள என்ன? லிஸ்ட்டே போதும்."

"இல்ல மாமா. நீங்க கேட்ட இன்வென்ட்டரியே இருக்கட்டும்."

மாப்பிள்ளை மெல்ல முன்னால் வந்தார். மாமாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, சாமான்களை எண்ணி ரெண்டு காப்பி எழுதினார். "எங்க போடணும்?" என்றார் மீனாவிடம். அப்பாடா! அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்தது. அவர் போட்டதும் தாய்மாமனும் போட்டார். வேறு வழி?

மறுநாள் தாலி கட்டியாயிற்று. சாமான்களை வேனில் ஏற்றும்போது பார்க்கிறேன்... அந்தப் பித்தளைப் பானையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் தாய்மாமன்.

கையெழுத்துப் போட்டவராயிற்றே!